தவமலர் ரீச்சரின் ஐஸ் வாளி

தவமலர் ரீச்சர் காலமான செய்தியை எனக்குச் சொன்னவள் யாழினி. ரீச்சரிடம் படித்து, இன்று எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இரசாயனவியல் படிப்பிப்பவள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "ரீச்சர் எங்களை விட்டுட்டுப் போட்டா மிஸ்," என்று அழுதாள். அழுகை ஓய முன்னமே, "உயர்தர வகுப்புக்கு இண்டைக்கு உறைநிலைப் பாடம். ஆரையாவது அனுப்புங்கோ," என்றாள். ரீச்சரிடம் படித்தவள் வேறு எப்படிக் கதைப்பாள்!

நான் தமிழ் படிப்பிக்கிறவள். ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து வருடக்கணக்காக வாயடித்த உரிமையில், அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

பருத்தித்துறைப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயன வகுப்பையே மூடிவிட ஒருமுறை யோசித்தார்கள். பிள்ளைகள் போதவில்லை. இன்னும் ஒருத்தி சேர்ந்தால் வகுப்புத் தப்பும். யாழினிக்கு ஆசைதான். கரையில் மீனை ஐஸ் போட்டு வைத்து விற்கும் வாடி வைத்திருந்த அவளுடைய தகப்பன் செல்வராசா அண்ணையோ, "பொம்பிளைப் பிள்ளைக்கு வணிகம் காணும்," என்று ஒரே பிடியாக நின்றார். ரீச்சர் கெஞ்சவில்லை. "பெற்றோர் கூட்டத்துக்கு வாங்கோ அண்ணை. வரேக்கை வாடியிலை இருந்து ஐஸும் கொண்டு வாங்கோ," என்றார்.

கூட்டத்தில் ரீச்சர் ஒரு தகர வாளியை மேசையில் வைத்தார். நடுவில் பாலும் சீனியும் நிறைந்த குவளை, அதைச் சுழற்ற ஒரு கைப்பிடி, சுற்றிவர ஐஸ். ஐஸின் மேல் கல்லுப்பை அள்ளிக் கொட்டினார். செல்வராசா அண்ணை எழும்பிவிட்டார்.

"உப்புப் போட்டா ஐஸ் கெதியாக் கரைஞ்சு போமெல்லே ரீச்சர்!"

"ஓம் அண்ணை, கரையத்தான் வேணும்."

வெறும் ஐஸ் உருகும்போது பூச்சியத்திலேயே நின்றுவிடும். சீனி கரைந்த பால் அந்தக் குளிருக்கு உறையாது. உப்புத் தண்ணீரோ பூச்சியத்துக்குக் கீழே போயும் தண்ணீராகவே இருக்கும். அதற்குள் உருகும் ஐஸ் பாலின் சூட்டை இழுத்தெடுக்கும். "என்ன கரைஞ்சது எண்டு தண்ணி கேளாது. எத்தினை துணிக்கை கரைஞ்சு கிடக்கு எண்டுதான் பாக்கும்," என்பார் ரீச்சர். எனக்கே விளங்கியது என்றால் பாருங்கள்.

அவர் இப்படி விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, செல்வராசா அண்ணை உதவி செய்கிறேன் என்று வாளியைச் சரித்து, உருகிய தண்ணீர் முழுவதையும் வெளியே ஊற்றிவிட்டார். மீன்பெட்டியில் தண்ணீர் நின்றால் மீன் பழுதாகிவிடும். அவருடைய கைக்கு அதுதான் பழக்கம். குவளையைத் திறந்தால் பால் பாலாகவே ஆடியது. பின்வரிசையில் சிரிப்பு. அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார். வகுப்புப் போச்சு என்றே நினைத்தேன்.

ரீச்சரும் சிரித்தார். "அண்ணை, நீங்கள் ஊத்தினதுக்குள்ளைதான் குளிர் இருந்தது. இனி நீங்களே சுத்துங்கோ."

மிச்ச ஐஸையும் உப்பையும் போட்டு, அவரையே கைப்பிடிக்கு முன்னால் இருத்தினார். அவர் வியர்க்க வியர்க்கச் சுற்றினார். வாளியில் மெல்ல உப்புத் தண்ணீர் ஊறியது. தகரத்தின் வெளிப்புறத்தில் வெண்பனி பூத்தது. திடீரென்று, "இறுகுது ரீச்சர்! சுத்தேலாமல் கிடக்கு!" என்று கத்தினார். மண்டபமே எழும்பிக் கைதட்டியது. முதல் கரண்டி ஐஸ்கிறீமை மகளுக்குக் கொடுத்து, "நீ இதையே படி பிள்ளை," என்றார்.

அந்த வகுப்பில் இப்போது கதிரை போதாது. ரீச்சரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை யாழினி அதே வாளியை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். ஐஸ் கொண்டுவந்தவர் செல்வராசா அண்ணை. நானும் போய்ப் பின்வரிசை வாங்கிலில் இருந்தேன். உருகிய தண்ணீரை ஊற்ற ஒரு பிள்ளை வாளியில் கை வைத்ததுதான் தாமதம், கிழவர் போட்ட சத்தத்தில் வகுப்பே அதிர்ந்தது. ரீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தச் சத்தத்தைத்தான்.

"ஊத்தாதை பிள்ளை! குளிர் அதுக்குள்ளைதான் இருக்கு!"