சித்தி பேய்க்காட்டிய நாள்

ஒஸ்லோவின் பழைய கோட்டையில் ஆட்களைப் பேய்க்கதை உலாவுக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டியாக என் சித்தி ஒருகாலம் வேலை செய்தார். முதியோர் இல்லத்து வேலை போக மிஞ்சிய நேரத்தில் கறுப்பு அங்கியும் கையில் லாந்தருமாக அங்கே நிற்பார். எங்கள் ஊர்ப்பேச்சில் பேய்க்காட்டுவது என்றால் ஏமாற்றுவது. "வெள்ளையளைப் பேய்க்காட்டிச் சம்பளம் எடுக்கிறவள் எங்கடை மச்சாள்தான்" என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாம் வகுப்பில் எங்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போவதாக ஆசிரியை சொன்னபோது, சித்தியின் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பு சிரிக்கும் என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஈகாரத்துக்கும் ஊகாரத்துக்கும் நடுவே நோர்வேஜிய மொழியில் ஓர் ஒலி உண்டு. ஊரில் போருக்குச் சொந்தங்களைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து பதினைந்து வருடமாகியும் அது சித்தியின் வாய்க்கு அகப்படவில்லை. போவதற்கு முதல்நாள் தொலைபேசியில் அவரிடம் கெஞ்சினேன்.

"என்னைத் தெரியும் எண்டு காட்டிக்கொள்ளாதேங்கோ சித்தி."



"சரி. நீ ஆரோ, நான் ஆரோ."

சொன்னபடியே நடந்தார். நவம்பர் மாதம், நாலு மணிக்கே இருண்டிருந்தது. தலைகளை எண்ணிய அவர் கண் என் மேல் நிற்காமல் தாண்டிப் போயிற்று. முதல் வசனத்திலேயே அந்த ஒலி வந்தது. பின்னால் நின்ற பையன் அதை அப்படியே சொல்லிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சித்தி குரலை உயர்த்தவில்லை, இன்னும் தாழ்த்தினார். சிறைக்கூடத்தில் லாந்தரை நிலத்தில் வைத்துவிட்டு, அங்கே அடைபட்டிருந்த ஒரு பெண்ணின் கதையைத் தொடங்கினார். இரவில் காலடிச் சத்தம் நெருங்கும். தன் கதவுதான் திறக்கப்போகிறது என்று அவள் மூச்சை அடக்குவாள். பக்கத்துக் கதவு திறக்கும்.

கேலி செய்த பையன் என் ஜாக்கெட் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆசிரியைகூடச் சுவரை விட்டு விலகி எங்கள் நடுவே வந்துவிட்டார். கதை முடிந்து சித்தி லாந்தரைத் தூக்கியபோதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பிறகு கைதட்டல். என்னால் பொறுக்க முடியவில்லை.

"இவ என்னுடைய சித்தி!" என்று நோர்வேஜிய மொழியில் கத்திவிட்டேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இருட்டில் நான் ஓரடி உயர்ந்துவிட்டேன். சித்தி என் தோளில் கைவைத்து, குனிந்து காதுக்குள் கேட்டார்.

"இப்ப தெரிஞ்ச ஆக்களோ?"

அதன்பின் என் தோளிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

வாசலில் அந்தப் பையன் சித்தியிடம், உண்மையிலேயே பேயைக் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டான். சித்தி லாந்தரைக் கீழே வைத்தார்.

"இல்லை. எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை."

வகுப்பு முழுவதும் சிரித்தது. சித்தியும் சிரித்தார். பேய்களே என் சித்திக்குப் பயப்படுகின்றன என்ற பெருமையில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நான்தான். யார் யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.