என் நாத்தனாரும் அம்மை குத்துகிறவரும்

ஒரு கைப்பிடி, அதன் நுனியில் சின்னச் சக்கரம், சக்கரத்தைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் பற்கள். அம்மை குத்துகிறவரின் கருவி அவ்வளவுதான். அதை ஸ்பிரிட் விளக்கில் காட்டி ஆறவைத்து, குழந்தையின் கையில் ஒரு சொட்டு மருந்து விட்டு, அதன்மேல் வைத்து ஒரு திருகு திருகுவார். குழந்தை வீலென்று கத்தும். பெற்றவள் அவரை வாயில் வந்தபடி வைவாள். அவர் கருவியைத் துடைத்துக்கொண்டே, "ஆச்சு, ஆச்சு, அவ்ளோதான்" என்பார். இந்த விரலளவு சாமானுக்குப் பயந்து உத்திரமேரூரைச் சுற்றியிருந்த ஊர்களில் மீசை வைத்த ஆம்பிளைகளே கரும்புக் கொல்லைக்குள் ஓடினார்கள் என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். ஓடியதைப் பார்த்தவள் நான்.

அறுபதுகளின் தொடக்கம். சாலவாக்கத்துக்குப் பக்கத்து ஊரில் நான் வாழ்க்கைப்பட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் என் கணவர், எங்கள் இரண்டு வயது மகள், கணவரின் அக்கா, அந்த அக்காவின் நான்கு வயது மகன். புருஷன் போனபின் பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள் என் நாத்தனார். மூத்தவளை 'அவள்' என்று எழுதுகிறேன். மனசுக்குள் அப்படித்தான் இருக்கிறாள், மாற்ற வரவில்லை. முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சின்ன வயதில் வந்து, பிழைத்து எழுந்தவள். அவளுடைய தலைச்சன் பெண் பிழைக்கவில்லை. அந்த வருடமும் இதே அம்மை குத்துகிறவர்தான் வந்திருக்கிறார். இவள் குழந்தையை நெல் குதிருக்குள் இறக்கிவிட்டு, "எங்க வூட்ல கொயந்தயே இல்ல, போ" என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். மூன்று மாதத்துக்குள் குழந்தை போய்விட்டது. ஊரே அறிந்த சங்கதி. எங்கள் வீட்டில் மட்டும் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகாவது மனசு மாறியிருப்பாள் என்றுதானே யாருக்கும் தோன்றும்? மாறவில்லை, இன்னும் இறுகிப்போனாள். "அம்மா கூப்டுக்கினா. அவ கூப்ட்டா ஊசிய வச்சிக்கினு நிறுத்திட முடியுமா?" என்பாள். ஊசி காப்பாற்றும் என்று ஒப்புக்கொண்டால் தன் பெண்ணைத் தானே கொன்றதாக ஆகிவிடுமே என்ற பயம் அது. இப்போது புரிகிறது. அந்த வயதில் அதைப் பிடிவாதம் என்றே நினைத்தேன், நானும் மல்லுக்கு நின்றேன். "எனக்கு எங்க நைனா குத்திவச்சாரு. நான் இன்னா கெட்டா போயிட்டேன்?" என்று கையைக் காட்டுவேன். "தோ பாரு, அஞ்சாங் கிளாசு படிச்சவ வந்துட்டா எனக்கு புத்தி சொல்ல" என்பாள். என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேர் சொல்றதும் ஞாயமாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடையைக் கட்டுவார். அந்த மனிதரிடம் ஒரு முடிவை வாங்குவதற்குள் பயிர் விளைந்து அறுவடையே ஆகிவிடும்.

ஒருமுறை நாத்தனார் மகனைக் கூட்டிக்கொண்டு தாமலில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். அன்றைக்கென்று அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்தார். ஏழெட்டு மைல் தள்ளி ஓர் ஊரில் பெரியம்மை கண்டிருப்பதாகச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கையை நீட்டினேன். இரண்டு திருகு. எட்டாம் நாள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் திரும்பி வருவதற்குள் குழந்தைக்கு முழுக்கைச் சட்டையை மாட்டிவிட்டேன்.

நான் அடுப்பில் வேலையாயிருந்த நேரத்தில் அவளே குழந்தையைக் குளிப்பாட்டக் கூட்டிப்போய்விட்டாள். நாலைந்து நாள் ஆகியிருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது, கையில் இரண்டு கொப்புளம். கிணற்றடியிலிருந்து கத்தினாள்: "அடியே, அம்மா வந்துக்கிறாடி நம்ம வூட்டுக்கு!" நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. வீட்டில் தாளிப்பு நின்றது. தலை வாரக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. குழந்தையை வேப்பிலைப் படுக்கையில் கிடத்திவிட்டு எதிரே கைகூப்பி உட்கார்ந்தாள். "இன்னா வேணும் தாயே?" என்றாள். தாய் கமர்கட்டு கேட்டாள். உடனே வந்தது. இளநீர் கேட்டாள், வந்தது. என்னை அடிக்கவேண்டும் என்றாள், நான் போய்க் குனிந்து நின்றேன். அந்த மூன்று நாளும் என் மகள் ராஜ்யம்தான். எனக்குச் சிரிப்பாக வந்தது. இரவும் பகலும் விசிறிக்கொண்டு, "இவளயாவது உட்டுட்டுப் போம்மா, இந்த ஒண்ண மட்டும் உட்டுடு" என்று நாத்தனார் முனகுவதைக் கேட்டபோது சிரிப்பெல்லாம் நின்றுபோனது. சொல்லிவிடலாம் என்று கிட்டே போவேன், விசிறியை வாங்கிக் கொஞ்சம் விசிறிவிட்டுத் திரும்பிவிடுவேன். பாவி நான்.

எட்டாம் நாள் அவர் வந்தார். கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வந்தவர் வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. "எத்தினி நாளா?" என்றார். "மூணு நாளா அம்மா வெளயாடறா. உன் வேல இங்க ஒண்ணுமில்ல" என்றாள் நாத்தனார். குத்தாமல் விட்ட பையனுக்குத்தான் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். ஆபீசுக்குத் தகவல் சொல்லவேண்டும், பெரிய அதிகாரி வருவார், ஒருத்தரும் ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்றார். எதிர்வீட்டுக்காரி இதைக் கேட்டுத் தன் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். இனி மறைக்க முடியுமா? "ஐயா, எழுதாதீங்க. இது நீங்க குத்தினதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

நாத்தனார் அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து வெயிலில் நிறுத்தினாள். சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தாள். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கெங்கே பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ரெண்டே முத்தா?" என்றாள். "இன்னும் வராதா?"

"வராதும்மா. இது காஞ்சி உதுந்துடும். நடுவுல நடுவுல திரும்பக் குத்திக்கினா பெரியம்ம கிட்ட அண்டாது."

குழந்தைக்குச் சட்டையை மாட்டிவிட்டாள். பிறகு வீட்டுக்குள் திரும்பி மகனைக் கூப்பிட்டாள். வந்தவனை மடியில் உட்காரவைத்து, சட்டைக் கையைத் தானே மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் பயந்து குத்திக்கொண்டவர்கள்கூட அவர் தலை மறைந்ததும் சுண்ணாம்பைத் தடவி மருந்தைத் துடைத்துவிடுவார்கள். அவள் அந்த ஈரம் காயும்வரை பையனின் கையை விடவில்லை, ஓர் ஈயைக்கூட அண்டவிடவில்லை. "ஆச்சு, ஆச்சு" என்றபடி அவர் பெட்டியை மூடினார்.

"அன்னிக்கி நான் கதவ சாத்தினப்ப, ஒடச்சிக்கினு உள்ள வந்திருக்கக் கூடாதா நைனா?" என்று அவரைக் கேட்டாள்.

அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சைக்கிளைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். "ஒடச்சிருக்கணும்மா. என் தப்புதான்" என்றார்.

அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுது நான் கேட்டேன். ஊசி குத்தியதற்குத்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்து அந்தப் பையன் அவள் கன்னத்தைத் துடைத்தான். "அயாதம்மா, எனக்கு வலிக்கவே இல்ல" என்றான்.