ரோஜா எண்ணெயும் ஒரு பக்க ரிப்போர்ட்டும்

புது ஜி.சி. மெஷின் வந்து இறங்கிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு வாசனை எண்ணெய் கம்பெனி லேபில் இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். பழைய மெஷினோடு மல்லுக்கட்டியே பாதி முடி போய்விட்டது. புதுசைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு ஏறிவிட்டது, அதைச் சொல்லாமல் மறைத்து என்ன பயன்?

ஜி.சி. என்னவோ ஏதோ என்று பயப்பட வேண்டாம். ஒரு துளி எண்ணெயை உள்ளே விட்டால், அதில் உள்ள சரக்கையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து, கம்ப்யூட்டரில் மலை மலையாக வரைந்து காட்டும். ஒவ்வொரு மலையையும் பீக் என்போம். பீக் பெரிதானால் சரக்கு அதிகம். ரோஜா எண்ணெயில் சிட்ரோனெல்லோல், ஜெரானியோல், நெரோல் மூன்றும் பெரிய ஆட்கள். அவர்களைச் சுற்றிப் பொடிப் பொடியாக எக்கச்சக்கமான பீக் கிடக்கும்.

எங்கள் மேனேஜர் கன்னடக்காரர், நல்ல மனிதர், ஆனால் இரண்டாவது பக்கத்தைப் புரட்டமாட்டார். "குமார், ரிப்போர்ட் ஒரே பேஜ்ல முடியணும்" என்பார். அதற்கு மெஷினில் ஒரு வசதி இருந்தது, ஏரியா ரிஜெக்ட். ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பதை எல்லாம் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டேன். ரிப்போர்ட் பளிச்சென்று ஒரே பக்கத்தில் வந்தது.

மேரியின் மூக்கு

மேரியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் விவேக் நகர்க்காரி. காகிதப் பட்டையை எண்ணெயில் தோய்த்து, உடனே ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை மோந்து பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது அவள் வேலை. வேலை நாளில் தலையில் பூ வைக்கமாட்டாள், பவுடர் போடமாட்டாள். "மத்தவங்க வாசம் எனக்குள்ள வரணும்னா, என் வாசம் வெளிய இருக்கணும்பா" என்பாள்.

சாயந்திரம் கம்பெனி வேனில் ஏறும்போது டிரைவர் சிவண்ணா எங்களை மோந்து பார்த்தே அன்றைய எண்ணெயைச் சொல்லிவிடுவார். "குமார் சார் லெமன்கிராஸ். மேரி மேடம் பச்சோலி, அல்வா?" அல்வா என்றால் கன்னடத்தில் 'இல்லையா'. பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்த வேன் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் மூக்கு விடைக்கிறது.

அப்போதுதான் புது சப்ளையரிடமிருந்து ரோஜா எண்ணெய் வந்தது. மெஷினில் போட்டேன், பாஸ். மேரி ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் ரிஜெக்ட் என்று எழுதிவிட்டாள்.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். "ஏனம்மா மேரி, மெஷின் தொண்ணூத்தெட்டு பர்சென்ட் மேட்ச் காட்டுது. நீ ஆகாதுன்னு போட்டிருக்க?"

"ரோஜா மாதிரி இருக்கு சார். ரோஜா இல்ல."

"அதுக்கு ப்ரூஃப்?"

அவளிடம் மூக்கைத் தவிர என்ன இருக்கிறது? மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. "மூக்கு ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும் சார். மெஷின் அப்படி இல்ல."

மேரி என்னைப் பார்த்தாள். அடுத்த திங்கட்கிழமை அவளை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். மெஷின் இருக்கையில் மோந்து பார்க்க ஓர் ஆள் எதற்கு என்பது மேலிடத்துக் கேள்வி. அதற்கு வழி போட்டுக் கொடுத்தவன் நான்.

அன்று சாயந்திரம் அவள் வேனில் ஏறியதும் சிவண்ணா மூச்சை இழுத்துப் பார்த்தார். "ஏனு மேடம், இவத்து வாசனையே இல்லவே?" இன்றைக்கு வாசனையே இல்லையா என்று கேட்கிறார். மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அவர் அந்த விளையாட்டை விளையாடவில்லை.

பாய் திருப்பிக் கொடுத்த பாட்டில்

இரண்டு மாதம் கழித்து, சிவாஜி நகரில் அத்தர் கடை வைத்திருக்கும் பாய் அந்த ரோஜா எண்ணெய் பாட்டிலோடு லேபுக்கே வந்துவிட்டார். எங்களிடம் வருஷக்கணக்காக வாங்குகிறவர்.

"குமார் சார், கோவிச்சுக்காதீங்க. இது காயிதத்துல செஞ்ச ரோஜா. தடவின அஞ்சு நிமிஷம் ஜோரா இருக்கு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. மேரிம்மா பாத்து அனுப்புனதா இது?"

அவர் போனதும் பழைய நல்ல சாம்பிளின் ரிப்போர்ட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் அச்சு அசல் ஒன்று. சட்டென்று ஏரியா ரிஜெக்ட் ஞாபகம் வந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி பிரிண்ட் போட்டேன். பழைய சாம்பிள் நாலு பக்கம் ஓடியது. புதுசு ஒன்றரைப் பக்கத்தில் நின்றுவிட்டது.

இல்லாமல் போன பொடிகளில் ஒன்று டமாசினோன். ஒரு டிரம்முக்கு ஒரு கரண்டி தேறாது. ஆனால் மூக்குக்கு அதில் இம்மி போதும், ரோஜாவை ரோஜா என்று காட்டுவதில் அதற்குப் பெரும் பங்கு. எவ்வளவு இருக்கிறது என்று மெஷின் பார்க்கும், எவ்வளவு மணக்கிறது என்று பார்க்காது. சப்ளையர் மலிவான புல் எண்ணெயிலிருந்து எடுத்த சரக்கை மூன்று பெரிய பீக்குக்கும் கச்சிதமாக அளந்து கலந்திருக்கிறான்.

செட்டிங்கைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, பழியை முழுக்க சப்ளையர் தலையில் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அரை மணி நேரம் அந்த யோசனையில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வெட்கமாகிவிட்டது.

பேக்கிங் ஹாலில் மேரி அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாலு பக்கத்தையும் அவள் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

அவள் நிதானமாகப் புரட்டினாள். "ரிப்போர்ட் ஒரு பக்கத்துல வரணும்னு என்னையும் சேத்து வெட்டிட்டியேப்பா."

"தப்புதான் மேரி."

"என்கிட்ட சொல்லி என்ன? அன்னைக்கு எங்க சொன்னியோ, அங்க போய்ச் சொல்லு."

போனேன். "செட்டிங் போட்டது நான் சார். மேரி சொன்னதுதான் சரி" என்றேன். மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார். "நாலு பேஜா?" "இனிமே நாலு பேஜ்தான் சார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு, முதல் தடவையாக இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.

எனக்கு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். மேரி லேபுக்குத் திரும்பி வர ஒரு நிபந்தனை போட்டாள். அவள் மோந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் எண்ணெய் மெஷினுக்குப் போக வேண்டும். நான் ரிடையர் ஆகும்வரை அந்த வழக்கம் மாறவில்லை. இப்போது லேபில் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எதைக் கண்டுகொள்ளாதே என்று மெஷினுக்குச் சொல்லியிருக்கிறோம் என்று பார்க்காமல், அது சொல்வதை வைத்து ஒருத்தரைத் தப்பு என்று சொல்லாதீர்கள்.

அவள் திரும்பி வந்த அன்றைக்கு நல்ல ரோஜா எண்ணெய் டிரம் ஒன்றைத் திறந்திருந்தோம். சாயந்திரம் வேனில் எனக்கு முன்னால் மேரி ஏறினாள். சிவண்ணா வண்டியைக் கிளப்பப் போனவர், சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மேரி மேடம், குலாபி!"

"ரோஜாதான், சரியாச் சொன்னீங்கண்ணா" என்றாள் மேரி.