மொட்டை மாடியும் ஒரு பித்தளை டோப்பும்

உள்ளறையிலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது.

மங்கையர்க்கரசி பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்த சொட்டும் கேட்டுவிடுமே என்ற பயத்தில், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சி தட்டி டீ போடறேன் வஹினி. கடை இஞ்சி இல்ல, நம்ம மாடி இஞ்சி. வாசனை தெருமுனை வரைக்கும் போகும்."

"டீ வேணாம் தாயீ," என்றாள் ராஜஸ்ரீ. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொல்லக் கூசிக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடிக்காரி. இந்த வருஷம் சொசைட்டிக்குச் செக்ரட்டரியும் அவள்தான். மங்கையர்க்கரசி என்ற பெயர் வாய்க்குள் நுழையாததால் கட்டடமே அவளை 'மங்காதாயீ' என்று அழைத்தது. தாயீ என்றால் மராத்தியில் அக்கா, வஹினி என்றால் அண்ணி. இருவரும் இந்தியும் மராத்தியும் கலந்த ஒரு பாஷையில்தான் பேசிக்கொள்வார்கள். இத்தனை வருஷத்தில் அதுவே ஒரு தனி பாஷையாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுல சத்யநாராயண பூஜை. ஷிரா கிண்டணும். அந்தப் பித்தளை டோப்..." ராஜஸ்ரீ தயங்கினாள். "கேக்கவே வெக்கமா இருக்கு. மாமியார் பேரு வெட்டின பாத்திரம். அதுல கிண்டினாத்தான் சாமி சாப்பிடும்னு நேத்துலேர்ந்து என் உயிரை எடுக்கறாங்க."

ணங்.

"அது என்ன சத்தம்?"

"அவருதான். எதையாவது தட்டிகினு இருப்பாரு. லேத்துல நின்ன கை, சும்மா இருக்குமா?"

மங்கா சொன்னது பொய். ராஜஸ்ரீ கேட்கும் அந்த டோப் உள்ளறையில்தான் இருந்தது. கட்டிலின் மேல், ஒழுகும் சீலிங்குக்கு நேர் கீழே. அதில் விழும் மழைத் தண்ணீர்தான் 'ணங்' என்று காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மங்காவின் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து மராத்திச் சீமைக்கு வந்து கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தக் குவார்ட்டர்ஸில்தான் மங்கா பிறந்து வளர்ந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரம் வந்தால் அதை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அங்கே அம்மா பழக்கிய பழக்கம். மராத்திக்காரர் வீடுகளிலும் அதே வழக்கம் இருந்ததால் அவளுக்கு இரட்டைச் சந்தோஷம். காசார்வாடியின் இந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு வந்த பிறகு, எந்த வீட்டுப் பாத்திரமும் அவளிடமிருந்து ஒரு கட்டு மேத்தியோ (வெந்தயக்கீரை), நாலு கத்தரிக்காயோ இல்லாமல் திரும்பியதில்லை.

இந்தக் கோடையில் ராஜஸ்ரீ அந்த டோப்பில் ஷிரா, நம்ம ரவா கேசரிதான், அனுப்பிய நேரம், மாடியில் எல்லாம் வெயிலில் கருகிக் கிடந்தது. ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்திருக்கலாம். ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். மங்காவுக்கு மனசு வரவில்லை. கடைச் சர்க்கரையா, நம்ம செடி தழைக்கட்டும் என்று டோப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். செடி தழைக்குமுன் மழை வந்துவிட்டது. மழையோடு ஒழுகலும் வந்தது. பதறிப்போய் அவள் கைக்கு எட்டிய முதல் பாத்திரம் அதுதான்.

ஒழுகுகிறது என்று வாயைத் திறக்க முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் சீலிங் பெயர்ந்து விழுந்ததிலிருந்து சொசைட்டிக் கூட்டத்தில் ஒரு பேச்சு உறுதியாகிவிட்டது: எந்த வீட்டில் ஒழுகினாலும் அன்றைக்கே மாடித் தோட்டம் காலி. தோட்டத்துக்கு நேர் கீழே இருந்தது மங்காவின் வீடு மட்டும்தான். ஒழுகினால் நம் தலையில்தானே ஒழுகுகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தோட்டம் போனால் காய்கறி போகும் என்பதல்ல அவள் பயம். தோட்டம் போனால் அவள் புருஷன் தங்கராஜ் போய்விடுவார் என்பதுதான்.

கொரோனா வருஷத்தில் அவர் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பை மூடினார்கள். மறுபடி திறக்கவேயில்லை. வாலிபத்திலிருந்து லேத்து மெஷினோடு பேசிப் பழகிய மனுஷன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். படி இறங்கினால் யாராவது "வேலை கிடைச்சுதா பாவூஜி?" என்று அத்தான் முறை சொல்லிக் கேட்பார்கள். அதனால் படி இறங்குவதை விட்டார். யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், திரும்பிப் போய்ச் சுவரைப் பார்ப்பார். அந்தச் சுவரை இடித்துப் போட்டால் என்ன என்று மங்கா அழுத நாட்கள் உண்டு.

அழுகின தக்காளியை ஒரு நாள் அவள் மாடியில் கிடந்த பெயிண்ட் டிரம்முக்குள் வீசினாள். அது முளைத்தது. டிரம்மை வெயிலுக்கு நகர்த்த வேண்டும். "ஏங்க, ஒரு கை பிடிங்க," என்று கூப்பிட்டாள். அவர் ஏறி வந்தார். டிரம்முக்குள் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் கீழே போய் டிரில் எடுத்து வந்து அடியில் ஓட்டை போட்டார். மறுநாள் இன்னொரு டிரம்முக்குப் போட்டார்.

அப்படித்தான் அந்தத் தோட்டம் வந்தது. மாடி பாரம் தாங்காது என்பதால் மண் கொஞ்சம்தான். மீதியெல்லாம் நெடுஞ்சாலையோரக் கரும்புச்சாறு கடையிலிருந்து மங்கா தலையில் சுமந்து வந்த சக்கை. எல்லா வீட்டு அடுப்படிக் குப்பையும் வாளியில் மேலே ஏறும்; வெண்டையாகவும் கத்தரியாகவும் அம்பாடியாகவும் கீழே இறங்கும். அம்பாடி வேறொன்றுமில்லை, நம் புளிச்சகீரைதான். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது மங்கா. தங்கராஜ் மேலேயே இருப்பார். மனுஷர்களிடம் அவர் இன்னும் திரும்பவில்லை. செடிகள் வரைக்கும் வந்திருந்தார். அதுவே போதும் என்று அவள் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

ஒழுகலுக்குக் காரணமும் அவர்தான். முதல் மழையில் உரமெல்லாம் கரைந்து ஓடுகிறதே என்று பதறி, மாடித் தண்ணீர் வெளியேறும் வாயில் ஒரு சாக்குச் சக்கையை அடைத்துவிட்டார். பெற்ற பிள்ளைக்கு ஊட்டும் சோறு கீழே சிந்துவதைத் தடுக்கிற மாதிரி. விடிந்து பார்த்தால் மாடி குளமாக நின்றது. சாக்கை எடுத்துவிட்டார். ஆனால் தண்ணீர் அதற்குள் சிலாப்புக்குள் வழி கண்டுபிடித்துவிட்டது.

திடீரென்று உள்ளே சத்தம் நின்றது.

மங்கா பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை மறந்தாள். சத்தத்தைவிட அந்த அமைதி அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

"பாவூஜிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" ராஜஸ்ரீ எழுந்தாள். "உங்க முகமே வெளுத்துப் போச்சே தாயீ."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க உக்காருங்க, நான் டோப்பை எடுத்துகினு..."

இவள் எழுவதற்குள் ராஜஸ்ரீ உள்ளறைக் கதவைத் தள்ளிவிட்டாள். பழகின வீடு, அவளுக்கு எந்த அறையும் அந்நியமில்லை.

தங்கராஜ் கட்டிலின் மேல் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் கூப்பிய மாதிரி குவித்து, சீலிங்குக்குக் கீழே ஏந்திக்கொண்டிருந்தார். உள்ளங்கை நிரம்பி வழிந்து, முழங்கை வழியாக ஓடி, பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கீழே, அவருடைய துண்டால் துடைத்துப் பளபளக்க வைத்த பித்தளை டோப், விளிம்பில் மாமியார் பெயரோடு, கொடுப்பதற்குத் தயாராக இருந்தது. ராஜஸ்ரீ கேட்டது அவர் காதில் விழுந்திருக்கிறது. பாத்திரத்தையும் கொடுத்துவிட வேண்டும், சத்தமும் வரக் கூடாது. அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ராஜஸ்ரீ சீலிங்கைப் பார்த்தாள். கறுப்பும் பச்சையுமாக ஈரம் பரவியிருந்தது.

"எப்பலேர்ந்து?"

"முதல் மழையிலேர்ந்து," என்றாள் மங்கா.

"ஏன் தாயீ என்கிட்டகூடச் சொல்லல?"

"சொன்னா மாடி போயிடும். மாடி போனா இவரு..."

"அவளைக் கேக்காதீங்க." தங்கராஜ் கையை இறக்காமலே, உடைந்த இந்தியில் சொன்னார். "சாக்கு வச்சு அடைச்சது நான். தப்பு என்னோடது."

ஒர்க்‌ஷாப் மூடிய பிறகு வெளியாளிடம் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ராஜஸ்ரீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள்.

"முதல்ல கையைக் கீழ விடுங்க பாவூஜி. நனைஞ்சது நனைஞ்சாச்சு." பிறகு தலையை ஆட்டினாள். "நான் மறைக்க மாட்டேன் தாயீ. என்னால முடியாது. இது விழுந்தா உங்க ரெண்டு பேர் மேலதான் விழும். டிரம் எல்லாம் இறங்கித்தான் ஆகணும்."

மங்கா கெஞ்சவில்லை. நிஜம்தானே.

"மாடியிலேர்ந்துதான் இறங்கணும்னு சொன்னேன்," என்றாள் ராஜஸ்ரீ. "என் காலரியில ரெண்டு டிரம் நிக்கும். துணி காயப்போடற இடம்தான், போகட்டும். கீழ பானு வீட்டுலயும் கேக்கறேன். ஆனா எங்களுக்கெல்லாம் கொத்தமல்லியைக் கிள்ளத்தான் தெரியும், வளர்க்கத் தெரியாது. பாவூஜி தினம் வந்து பாக்கணும். கதவைத் தட்டி, உள்ள வந்து, உக்காந்து பாக்கணும். சம்மதம்னா கூட்டத்துல நான் பேசறேன்."

மங்கா நிமிர்ந்து ராஜஸ்ரீயைப் பார்த்தாள். அடுத்த வீட்டு வாசற்படியையே மிதிக்காத மனுஷனைப் பார்த்தா இப்படிக் கேட்கிறாள்? தங்கராஜ் கைகளை இறக்கினார். ஈரக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏந்த யாருமில்லாமல் தண்ணீர் கட்டிலில் சொட்டியது.

கட்டிலிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"உங்க காலரியில வெயில் எப்ப வரும்?"

"காலையில. மதியம் போயிடும்."

"மேத்திக்குப் போதும்," என்றார். யோசித்தார். "கத்தரிக்குப் பத்தாது. கத்தரியை வேற வீட்டுல வைக்கணும்."

மங்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தனை நாள் அவர் வெறித்த அதே சுவர். அதில் நெற்றியை வைத்து, சத்தமில்லாமல் அழுது தீர்த்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டோப்பை எடுத்து நீட்டினபோது தங்கராஜ் தடுத்தார்.

"இரு. வெறும் பாத்திரமா குடுக்கற?"

மழையிலேயே மாடிக்கு ஓடினார். திரும்பி வரும்போது சொட்டச் சொட்ட நனைந்து, கை நிறையத் துளசி. மழை கண்டதும் முதலில் தழைத்தது அதுதான்.

"பூஜைக்கு," என்று டோப்பில் போட்டார்.

ராஜஸ்ரீ அந்த ஈரத் துளசியை முகர்ந்தாள். "ஒரு டோப் கேக்க வந்தேன். தோட்டத்தையே தூக்கிட்டுப் போறேன். என் மாமியார் கேட்டா என்ன சொல்லுவேன்?"

"டோப்பு தண்ணி பிடிச்ச கதையை மட்டும் சொல்லிடாதீங்க வஹினி."

"சொன்னா என்னையும் வீட்டைவிட்டு அனுப்பிடுவாங்க." இருவரும் சிரித்தார்கள். சிரிப்பில் பாதி அழுகை. "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வரணும். தாயீ மட்டும் வந்தா ஷிரா கிடையாது."

டோப்பை மார்போடு அணைத்து, துளசியைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அவள் படி இறங்கினாள். காலடிச் சத்தம் இரண்டாம் மாடியில் அடங்கும்வரை மங்கா வாசலிலேயே நின்றாள். உள்ளே தங்கராஜ் கட்டிலை நகர்த்தி பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைப்பது கேட்டது. 'டப்' என்று முதல் சொட்டு அதில் விழுந்தது.

கேட்டால் கேட்கட்டும் என்று அவள் கதவைச் சாத்தினாள்.