கதவிடுக்கில் ஒரு செங்கல்

எங்கள் ஊரில் எந்தக் கதவும் முழுதாகச் சாத்தியிருக்காது. வீடோ கடையோ பள்ளிக்கூடமோ, கதவிடுக்கில் ஒரு செங்கல் கிடக்கும். நூற்பாலை தீப்பிடித்த மத்தியானத்திலிருந்து இப்படித்தான். வெளியே பூட்டிய கதவுக்குப் பின்னால் முப்பத்தொரு பேர் செத்துப் போனார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. எனக்கு ஒன்பது வயது. பூட்டச் சொன்னவர் முதலாளி. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போனவர் வாட்ச்மேன். முதலாளி ஊரைவிட்டே போய்விட்டார், வாட்ச்மேன் இங்கேயே இருந்தார். அதனால் சாகும்வரை அத்தனை திட்டும் அவருக்கே விழுந்தது.

அவருடைய மகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பள்ளிக்கூடத்தில் அவள் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டோம். அவளுக்கு 'சாவி' என்று பெயர் வைத்தவள் நான்தான். அதில் அப்போது எனக்கு ஏகப்பட்ட பெருமை. டிப்ளமா முடித்துப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். அந்தக் கம்பெனி இங்கேயும் ஒரு கிளை திறந்தபோது சூப்பர்வைசராகத் திரும்பி வந்தாள். நூற்றெண்பது பெண்கள் அவளுக்குக் கீழே, அதில் நானும் ஒருத்தி.

செல்போனுக்குள் போகும் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் வேலை. தூசு ஆகாது, கதவு சாத்தியே இருக்க வேண்டும். அந்த ஊரில் அதே இயந்திரம், அதே சம்பளம். ஆனால் எங்களிடம் மூன்று மடங்கு பொருள் கழிவாகப் போனது. காரணம் என்ன, ரகசியமா? அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் இந்தப் பக்கம் யாராவது கதவில் செங்கல் வைத்துவிடுவோம்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். ஊருக்கு ஊர் மனசு மாறுமாம், மனசுக்கு ஏற்றபடி வருமானமும் மாறுமாம். அது பொய்யில்லை. கதவைச் சாத்தி ஏ.சி. போட்ட துணிக்கடை இங்கே ஆறு மாதம் தாங்கவில்லை, சினிமா தியேட்டர் குடோனாகிவிட்டது. ஆனால் அவர் நீட்டிய தாளில் இருந்த கேள்விகளைப் பார்க்க வேண்டுமே! 'நீங்கள் கடின உழைப்பாளியா? ஐந்துக்கு எத்தனை?' எல்லாவற்றுக்கும் மூன்று போட்டுக் கொடுத்தேன். 'இவ்வட்டார மக்களுக்கு ஒழுங்கு குறைவு' என்று எழுதிவிட்டுப் போனார். வியாழக்கிழமை ஒரு நாள் சோதனை. கழிவு பாதியாகக் குறையாவிட்டால் இயந்திரங்கள் பாலம் தாண்டிவிடும் என்றார்கள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் எங்கள் நடுவே வந்து நின்றாள்.

"அந்தாளு எல்லாம் கேட்டாரு, எதுக்குப் பயப்படுறீங்கன்னு மட்டும் கேக்கல. அது எனக்கே தெரியும். என்ன செஞ்சா கதவச் சாத்துவீங்க, அதச் சொல்லுங்க."

"கைப்பிடிய விடாம வெளிய ஒரு ஆளு நிக்கணும்" என்றாள் ஒருத்தி.

"நான் நிக்கிறேன்."

எனக்குத்தான் நாக்கு நீளமாயிற்றே.

"நீங்க வேணாம். உங்க வீட்டு ஆளு ஒருத்தரு நின்னது போதும்."

அவள் முகம் மாறவில்லை. "சரி, நீ நில்லு. நான் உள்ள போறேன்."

வியாழக்கிழமை கடைசி ஆளாக அவள் உள்ளே போனாள். என் கையாலேயே கதவைச் சாத்தினேன். கைப்பிடி சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடி வழியே பார்த்தால் எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். மறுபடி கேட்டது, கூடவே வளையல் குலுங்கியது. அம்மாவின் வளையல் சத்தம் எனக்குத் தெரியாதா? கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

பதினோரு மணிக்கு ஆபீஸ் கிளார்க் கத்தினார். "உனக்கு வீட்டுலேருந்து ஃபோன்!"

"என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். கை காலியாக இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். நாலு அடி. ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்தவள், சாயங்காலம்வரை விடவில்லை. வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதாம், அவ்வளவுதான் சங்கதி.

கழிவு பாதிக்கும் கீழே இறங்கியது. இயந்திரங்கள் இங்கேயே தங்கின. 'பயிற்சியால் ஒழுங்கு மேம்பட்டது' என்று ரிப்போர்ட் போனதாம். நன்றாக இருக்கட்டும்.

எல்லோரும் போன பிறகு அவளிடம் போனேன். அன்றுதான் முதல்முறையாக அவளை அக்கா என்றேன்.

"அக்கா, நடுவுல நாலு அடி நடந்துட்டேன். தெரிஞ்சு போகல."

அவள் முகமூடியைக் கழற்றி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"டீக்கடைக்கு நூத்திப் பன்னெண்டு அடி. சின்ன வயசுலேருந்து நடந்து நடந்து எண்ணியிருக்கேன், எத்தனாவது அடியில அப்பா திரும்பியிருந்தா உங்கம்மாவெல்லாம் பொழச்சிருப்பாங்கன்னு."

அவள் விளக்கை அணைத்தாள்.

"நீ நாலுல திரும்பிட்ட. நாளைக்கும் நீயே நில்லு."