பொட்டு வைத்த பூட்டு

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஒரு பக்கம் வரிசையாக ஊசிகள், மறுபக்கம் வரிசையாக ஓட்டைகள். கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டர் ஒயரைச் செருகும் இடத்தில் அதை மாட்டினால்தான் எங்கள் பல்கலைக்கழகம் வாங்கியிருந்த புள்ளியியல் மென்பொருள் திறக்கும். கழற்றினால் திரையில் ஒரு வரி ஆங்கிலம் வந்து நின்றுவிடும். நாங்கள் அதை லாக் என்போம். கணினி மையத்தின் இயக்குநர் அந்த லாக்கை, நகைக்கடையில் வளையல் வைத்துக் கொடுக்கும் சிவப்பு வெல்வெட் பெட்டியில் போட்டு, தன் அறை பீரோவில் பூட்டி, சாவியை பெல்ட்டில் மாட்டிக்கொண்டு திரிவார். இப்போதும் நகைக்கடையில் அந்த மாதிரிப் பெட்டியை யாராவது திறந்து காட்டினால் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவரை விட்டுவிடேன் என்கிறார் என் கணவர். அவருக்கென்ன, அவர் அந்த மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்து நின்றதில்லை.

நியாயமாகச் சொன்னால் திட்டம் நல்ல திட்டம்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எல்லாத் துறைகளிலும் திருட்டுப் பிரதிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிளாப்பி ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகும்போது வைரஸும் கூடவே போகும். இனி யாரும் தனியாக வாங்கவும் வேண்டாம், திருடவும் வேண்டாம், பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஒரே உரிமம், செலவைத் துறைகள் சமமாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்று இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். பழைய பிரதிகளையெல்லாம் அவரே முன்னால் நின்று அழித்தார். எங்கள் சமூகப்பணித் துறை கையளவுத் துறை. தபால் தலைக்கும் காகிதத்துக்கும் வைத்திருந்ததிலிருந்து எங்கள் துறைத்தலைவி அம்மா பங்கைக் கட்டினார். இயற்பியல் துறைக்கும் அதே பங்குதான். பங்கு சமம், நேரம்தான் சமமில்லை. அவர்களுக்குக் காலை வேளைகள் முழுக்க. எங்களுக்கு வாரத்தில் ஒரு பிற்பகல், அதுவும் தாம்பரத்தில் கரண்ட் போகிற நேரம் பார்த்து. லாக்கைத் துறைக்குத் துறை சுற்றில் விடலாமே என்று துறைத்தலைவி கேட்டபோது அவர் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. "இது எல்லாருக்கும் பொது மேடம். பொதுச் சொத்து ஆளாளுக்குக் கை மாறினா உருப்படாது. அதனால எங்கிட்டயே இருக்கட்டும்."

எனக்கு அந்த லாக் அவசரமாக வேண்டியிருந்தது. முடிச்சூரிலும் குன்றத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வயலை மனைக்கு விற்றுவிட்ட குடும்பங்களில், நிலம் போன பிறகு பெண்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இரும்புலியூரிலிருந்து பஸ் பிடித்துப் போய், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதியவை. முடிச்சூரில் ஓர் அம்மா மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி சொன்னார்: "நெலம் வித்த துட்டுல எங்க வூட்டுக்காரரு வண்டி வாங்கிகினாரு. எனக்கு இன்னா கெடச்சிது? பத்திரத்துலயும் என் பேரு கெடையாது. நீயாவது எழுதிகினு போ." எழுதிக்கொண்டுதான் வந்தேன். என் பதிவை ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்திருந்தார்கள். அந்த டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். பட்டம் இல்லாவிட்டால் என் தற்காலிக விரிவுரையாளர் வேலையும் போய்விடும். மையத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். இயக்குநருக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்துதான் காக்க வைப்பார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏசியில் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்து மடித்துப் படிப்பார். உள்ளே விட்டதும் இயற்பியல் பையன்களுக்குக் கேட்கிற மாதிரி, "சோஷியல் ஒர்க்குக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய சாஃப்ட்வேர்? வெரல் விட்டு எண்ணினாலே போதுமே!" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து வைப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் அதிகமாகக் கோபம் வருகிறது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பிற்பகல். குன்றத்தூர்ப் பக்கத்து ஊர்கள் முடிந்து, முடிச்சூர்க் கணக்கைத் தொடங்கப் போனேன். இயக்குநர் வந்து கையை நீட்டினார். "எழுந்திரும்மா. பூஜைக்கு எடுத்து வைக்கணும்." இன்னும் நேரம் இருக்கிறதே சார் என்றேன். "சாமி காரியத்துல நேரம் பாக்கறதா?" என்று அவரே குனிந்து லாக்கைக் கழற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் பங்கு கட்டிய துறைகளுக்கெல்லாம் பூஜைக்கு அழைப்பு. கம்ப்யூட்டர்களுக்கு மாலை, திரைகளுக்கு விபூதிப் பட்டை, வாசலில் பூசணிக்காய். நடுவில் வெள்ளித் தட்டில், வெற்றிலை மேல், லாக். எனக்குப் பூஜையில் எந்த விரோதமும் இல்லை. என் வீட்டிலும் அன்று கிரைண்டருக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் மனிதர் சந்தனத்தை நீர்க்கக் குழைத்து, விரலால் அள்ளி, அந்த ஊசிகள் இருக்கும் பக்கத்திலேயே மூன்று இடத்தில் அப்பினார். அதன் மேல் குங்குமம். ஓட்டைப் பக்கத்தையும் விடவில்லை. "சார், அதுல வேண்டாமே" என்றேன். கேட்டும் கேட்காதவர் போல மணியை ஆட்டினார். பூஜையில் வைத்ததை அன்று எடுக்கக் கூடாது என்பதால் அது அப்படியே தட்டில் இருந்தது. நாங்கள் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு கலைந்தோம்.

விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து அவரே அதைச் செருகியிருக்கிறார். காய்ந்த சந்தனம் உள்ளே போக விடுமா? கட்டைவிரலால் அழுத்தியதில் ஊசிகள் வளைந்துவிட்டன. லாக் செத்துப்போயிற்று. விடுமுறை முடிந்து போன அன்று காலை, இதை மையத்தின் அட்டெண்டர் அண்ணன்தான் சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னிடம் சொன்னார். "சார்தாம்மா அமுக்கனாரு, நா பாத்துகினேதான் இருந்தேன். ஆனா நா சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதம்மா. புள்ளக்குட்டிக்காரன், பேஜாராப் பூடும்." ஏன் என்னிடம் மட்டும் சொல்கிறார் என்று புரியவில்லை. துறைக்குள் போய், இயக்குநர் அனுப்பியிருந்த சுற்றறிக்கையைப் படித்ததும் புரிந்தது. கடைசியாக லாக்கைப் பயன்படுத்தியது சமூகப்பணித் துறை; எனவே சேதத்துக்குப் பொறுப்பும் சமூகப்பணித் துறை; விசாரணை முடியும்வரை எங்களுக்கு அனுமதி நிறுத்தம். கட்டிய பங்கு கட்டியதுதான்.

பொதுக் கூட்டம் போட்டார்கள். பம்பாயிலிருந்து மாற்று லாக் வரப் புது வருடம் ஆகிவிடும் என்றார்கள். எழுந்து நின்றேன். அவர் கழற்றிக்கொண்டு போகும்வரை லாக் வேலை செய்தது, சந்தனத்தால்தான் கெட்டது, ஊசிகளுக்கு நடுவே பார்த்தால் தெரியும் என்றேன். இயக்குநர் லாக்கை எடுத்துக் காட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "சாமிக்குப் பொட்டு வச்சதைக் குத்தம் சொல்றியாம்மா?"

அவ்வளவுதான். மிஷினைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்து நான் நாத்திகம் பேசுகிறேனா இல்லையா என்ற பேச்சாகிவிட்டது. பூஜையில் எனக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்த வணிகவியல் பேராசிரியர் கூரையை ஆராய்ந்தார். இயற்பியல்காரர், "விடும்மா, பெரியவர்கிட்ட போய்…" என்றார். எங்கள் துறைத்தலைவி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். படித்த மனிதர்கள் நிறைந்த அறையில் அன்று எனக்குக் கிடைத்த ஆதரவு அந்த இழுப்பு ஒன்றுதான். அந்த ஆளைவிட அந்த அறையை நான் அதிகமாக வெறுத்தேன்.

கால்குலேட்டரை வைத்துக்கொண்டு முடிச்சூர்க் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தேன். முடிகிற காரியமாக இல்லை. டிசம்பர் நெருங்கியது. கடைசியில் ஆய்வேட்டின் தலைப்பிலிருந்து முடிச்சூரை எடுத்துவிட்டு, குன்றத்தூர்ப் பக்கத்தை மட்டும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். பட்டம் வந்தது, வேலையும் நிலைத்தது. நீயாவது எழுதிகினு போ என்ற அந்த அம்மாவும் அவர் தெருக்காரிகளும் கட்டுக்கட்டாக என் பரணில் கிடந்தார்கள். பத்திரத்தில் பேர் இல்லாதவருக்கு என் ஆய்விலும் இடமில்லாமல் போயிற்று. பல வருடம் கழித்து முடிச்சூருக்குள் வெள்ளம் புகுந்து செய்தியானபோது, ஊரே அந்தப் பெயரைச் சொன்னது. என்னால் டிவியைப் பார்க்க முடியவில்லை, எழுந்து போய்விட்டேன்.

சென்ற மாதம் கணினி மையத்தின் புதுக் கட்டடத்தைப் பார்க்க ஓய்வு பெற்றவர்களையும் அழைத்திருந்தார்கள். இப்போது பொது உரிமம் நிஜமாகவே பொது. பிள்ளைகள் பெருங்களத்தூரில் தங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே கடவுச்சொல்லைத் தட்டித் திறக்கிறார்கள். யாரும் செருப்பைக் கழற்றவில்லை. நான் வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். கூடத்தின் நடுவில் இயக்குநரின் படம், சந்தன மாலையோடு. கீழே கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அதே சிவப்பு வெல்வெட் பெட்டி, திறந்தபடி, அதில் லாக். நம் பல்கலைக்கழகத்தின் முதல் பொது உரிமம், பேணிக் காத்தவர் இன்னார் என்று தங்க எழுத்தில் பலகை.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். வளைந்த ஊசிகள் வளைந்தபடியே இருந்தன. அவற்றுக்கு நடுவே மஞ்சளாக இறுகிப்போன சந்தனம், அதன் மேல் கறுத்த குங்குமம். கூட்டத்தில் எடுத்துக் காட்டாததை விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சுற்றிக் காட்ட வந்த இளைஞன், "சாரை உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டான்.

"நல்லாத் தெரியும்ப்பா. அந்த ஊசிக்கு நடுவுல பாரு, அவர் கையால வச்ச பொட்டு. இன்னும் அழியல."

அவன் ஆவலாகக் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு, பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.