துண்டுக்குள் படிந்த பேரம்

ஆயுள், ஐம்பது கிலோ மூட்டை, இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். விலை வைத்தவர் ஜெயங்கொண்டம் ரோட்டில் மீன் தீவனக் கடை நடத்தும் காசிநாதன். இது நடந்த சங்கதி. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

மழையில் நனைந்து பூசணம் பூத்த கடலைப் புண்ணாக்கை அடிமாட்டு விலைக்கு வாங்கி, நாற்றம் தெரியாமலிருக்க வேப்பிலையும் கீழாநெல்லியும் பொடித்துக் கலந்து, சாக்கில் பச்சை இலைப் படமும் 'ஆயுள்' என்ற பேரும் போட்டால் அது மூலிகைத் தீவனம். மீன் வளர்ப்பவர்களை அவர் மனிதக் கணக்கில் சேர்த்ததே இல்லை. படத்தைப் பார்த்துச் சரக்கு வாங்குகிற ஜென்மங்கள்.

வரதராஜன்பேட்டைப் பக்கம் செல்லதுரை என்று ஒருவர். பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில் தேங்கிய தண்ணீரில் கட்லா வளர்த்தார். முகம் தெரியாது, போனில் ஆர்டர், வண்டியில் சரக்கு, அவ்வளவுதான் பழக்கம். ஒரு நாள் கூப்பிட்டார்.

"மீனு வாயே வைக்க மாட்டேங்குதுங்க. தெனம் பத்து இருவது செத்து மெதக்குது."

"பசிச்சா திங்கும்."

"நாலு நாளா பசியாத்தாங்க கெடக்குது."

"அப்ப நீங்களே எறங்கி ஊட்டி விடுங்க."

போனை வைத்த பிறகும் காசிநாதனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கிடங்கில் இன்னும் நாற்பது மூட்டை கிடந்தது. கைமுதல் மொத்தமும் அதில்தான். இந்த வாரம் தள்ளாவிட்டால் புழுத்துவிடும். கடையை மூட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை, நல்ல பகல், பன்னிரண்டே முக்கால். மூட்டை தூக்கும் ராஜவேல் சாப்பிடப் போயிருந்தான். காசிநாதன் வாசலிலேயேதான் உட்கார்ந்திருந்தார். திரும்பினால், கிடங்குக்குள் ஓர் ஆள். தலைத்துண்டுக்குள் பாதி முகம். எப்போது உள்ளே போனார்?

வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சித்திரை மாதம்... ரோடு கொதித்தது.

"வாங்க. குட்டையிலேருந்து நேரா வரீங்களா?"

வந்தவர் சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். ருசி பார்க்கிறவர்கள் துப்பிவிடுவார்கள். இவர் விழுங்கினார். இன்னொரு பிடி. மெல்லவில்லை. வாய் திறந்தது, மூடியது... திறந்தது, மூடியது.

பட்டிக்காடு, நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார் காசிநாதன்.

"நாப்பதும் எடுத்துக்கிறீங்களா?"

தலை அசைந்தது.

காசிநாதன் மாட்டுத் தரகர் வம்சம். விலையை வாயால் சொல்ல மாட்டார். தோள்துண்டை விரித்து, அதற்கடியில் எதிராளியின் விரல்களைப் பிடிப்பார். ஒரு விரல் ஐந்நூறு. ஐந்தையும் பிடித்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு.

துண்டுக்குள் கை வந்தது. சில்லென்று... ஊறிப்போன கை.

ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார். மூன்றுதான் அகப்பட்டது.

இரண்டை மடக்கிக்கொண்டு விலையைக் குறைக்கிறான், கள்ளன்.

"ஆயிரத்தைந்நூறுக்குத் தவிடுகூட வராதுங்க. முழுக்கையையும் நீட்டுங்க."

மடங்கிய விரல்களைத் தேடித் தடவினார்.

மடங்கவில்லை.

அந்த இடம்... வழவழவென்று இருந்தது.

சட்டென்று அந்தக் கை அவருடைய விரல்களில் இரண்டைப் பிடித்தது. இறுக்கியது.

மூன்றும் இரண்டும் ஐந்து. அந்த நேரத்திலும் அந்த மனுஷனுக்குப் புத்தி போன இடம் அதுதான்.

"படிஞ்சிடுச்சு," என்றார்.

சளக்...

மீன் புரளும் சத்தம். கிடங்குக்குள்.

துண்டை உதறினார்.

யாருமில்லை.

தரைத் தவிட்டில் ஈரம். காலடி இல்லை.

சாயங்காலம் செல்லதுரை நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அவர் மனைவி புஷ்பவல்லி.

"மிச்ச மூட்டைய வந்து தூக்கிட்டுப் போங்க. அவரு போயிட்டாரு."

"எங்கம்மா?"

"நேத்து விடியக்காலம் தீவனச் சட்டியோட தண்ணிக்குள்ள எறங்கினவரு. இன்னிக்கு மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வெளிய எடுத்தாங்க." மூச்சு வாங்கினாள். "வலது கையில ரெண்டு வெரலக் காணுங்க. மீனு தின்னுடுச்சு."

காசிநாதனின் அந்த இரண்டு விரல்களும் நாள்கணக்கில் ஊறியதுபோல வெளுத்து, வாரத்துக்குள் கறுத்துப்போயின. அரியலூரில் வெட்டி எடுத்தார்கள். ஏன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ஆக, விரல் கணக்கு: அங்கே இரண்டு, இங்கே இரண்டு. நேர்.

மூட்டைக் கணக்கு: பேரம் படிந்தது நாற்பது. வாங்கினவர் இன்னும் எடுத்துப் போக வரவில்லை.